வரப்பில் ஏறாத மேஸ்திரி

என் மனைவிக்குக் குனிவதில் ஒரு நாளும் கஷ்டம் இருந்ததில்லை. நிமிர்ந்து நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸில் கூலிப் பேச்சுவார்த்தை நடந்தபோதெல்லாம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதிகாரிகளே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும்படி பேசியவள் அவள். அதைப் பார்த்தவர்கள் இந்த அம்மா பிறக்கும்போதே தலைவியாகப் பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறக்கும்போது யாரய்யா தலைவி? அவள் தலைவியானது முழங்கால் சேற்றில், ஒரு சம்பா நடவின்போது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அதற்கு முன்னால் அவள் வெறும் நடவு ஆள். வெறும் என்று எழுதிவிட்டேன். அவள் கண்ணில் பட்டால் இன்றைக்குச் சோறு கிடைக்காது. எங்கள் பக்கத்தில் நாற்றுப் பறிப்பது ஆண்கள் வேலை, நடுவது பெண்கள் வேலை. நான் நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றை அலசி, கைக்கு அடங்குகிற முடிகளாகக் கட்டிப் போடுவேன். அவள் ஒரு முடியை இடது கையில் ஏந்தி, வலது கையால் பிரித்துப் பிரித்து நடுவாள். விரல் சேற்றுக்குள் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. சளக் சளக் என்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஒரே சீராக வரும். அடேயப்பா, அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே முடி சுமக்கிற சாக்கில் நான் அடிக்கடி வயலுக்குப் போவேன். கூடப் பறிக்கிற ஆட்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், என் பெண்சாதியைத்தானே பார்த்தேன்.

நடவுப் பெண்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. எல்லோரும் ஒரே வரிசையாகக் குனிந்து நின்று, முன்னால் நட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வருவார்கள். ஒருத்தி மெதுவாக நட்டால், இரண்டு பக்கத்துக்காரிகளும் அவளைத் தாண்டிப் பின்னால் போய், அவள் முதுகுக்குப் பின்னாலும் நட்டு அடைத்துவிடுவார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது நாலு பக்கமும் நாற்று, நடுவில் அவள். வெளியே வர வேண்டுமென்றால் நட்டதை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும். மிதித்த தடத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டுக்கொண்டும் வர வேண்டும். அவள் கரையேறும்வரை மற்றவர்கள் குலவை போட்டுச் சிரிப்பார்கள். இந்த அடைக்கிற வேலையில் என் மனைவியை மிஞ்சச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அவள் அடைக்காத பெண் எங்கள் தெருவில் இல்லை. அவளை அடைத்தவளும் இல்லை.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து, நில உச்சவரம்பு என்றும் நியாயமான கூலி என்றும் டீக்கடைக்கு டீக்கடை பேச்சாக இருந்த காலம் அது. மிராசுதாரைப் பார்த்தால் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கும் வழக்கத்தை நாங்கள் நிறுத்தியிருந்தோம். ‘ஆண்டே’ போய் ‘ஐயா’ வந்திருந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டால் மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டு வந்து இறக்குவார். நாங்கள் லாரியை மறிப்போம். போலீஸ் வேன் வரும். அதற்கு முந்தின அறுவடையில் அப்படித்தான் நடந்து, என் தம்பியை மண்டையில் தையல் போட்டு அழைத்து வந்தோம். லாரியில் வந்தவர்களும் நம்மைப் போலக் கஞ்சிக்கு வந்தவர்கள்தானே என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது.

சம்பாவுக்கு முன்னால் ஒருவழியாகப் பேசி முடித்தார்கள். வாய்க்கால் கரையில் மிராசுதாருக்கு ஒரு வேலி நிலம், அதாவது ஆறு ஏக்கருக்கு மேலேயே, ஒரே கிடையாகக் கிடந்தது. ஊரிலேயே பெரிய வயல் அதுதான். அந்த நடவை உள்ளூர்ப் பெண்களே மொத்தமாக எடுத்துச் செய்வது என்று ஏற்பாடு. அப்போது வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை மாறுவதற்குள் நட்டு முடித்துவிட்டால், இனிமேல் அந்த வயலில் வெளியாள் இறங்க மாட்டான். முடிக்காவிட்டால் லாரி வரும், நாங்கள் மறிக்கக் கூடாது. அந்த ஒரு வயல் போனால் மற்ற வயல்களும் பின்னாலேயே போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். அப்புறம் நாங்கள்தான் லாரி ஏறி ஊர் ஊராகக் கஞ்சிக்குப் போக வேண்டும்.

பெண்கள் தரப்பில் ஒரே ஒரு நிபந்தனை. மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் நிற்கக் கூடாது. அந்த மனிதர் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, காலில் ஒரு பொட்டுச் சேறு படாமல் வரப்பிலேயே நடந்தபடி, எவள் இடுப்பை நிமிர்த்தினாலும் ஏசுவார். அவர் வேண்டாம், மேஸ்திரி எங்களுக்குள்ளேயே ஒருத்தி இருக்கட்டும் என்றார்கள். யார் அந்த ஒருத்தி என்று கேட்டபோது எல்லோருடைய பார்வையும் என் மனைவி பக்கம் திரும்பியது. வேகமாக நடுகிறவள்தானே தலைமை தாங்க வேண்டும்? அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நடவே கதியாகக் கிடக்கிற எங்கள் ஊரைப் போன்ற ஊரில்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

முதல் நாள் காலையில் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையின் கோடியில், கரையோரமாக இறங்கினாள். கரையோரம்தான் வேகக்காரியின் இடம். அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து மற்றவர்கள் ஓட வேண்டும். குனிந்தவள் குனிந்தவள்தான். தான் பறந்தால் எல்லோரும் பின்னாலேயே பறந்து வருவார்கள் என்று நினைத்திருக்கிறாள். யாருக்கும் இறக்கை முளைக்கவில்லை. வரிசை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழிந்து போயிற்று. நடுவில் நாற்று தீர்ந்து நாலைந்து பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் நாங்கள் கொண்டு வந்து கொட்டிய முடிகள் குவிந்து கிடந்தன. நாற்று வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? மேஸ்திரியின் தலை சேற்றைப் பார்த்தபடி இருந்தது.

அவளுக்கு அடுத்து நின்றவள் என் தம்பியின் பெண்சாதி. பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. குழந்தையைக் கரையிலிருந்த பூவரச மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். உச்சி வேளைக்குக் குழந்தை அழ ஆரம்பித்தது. இவள் நிமிர்ந்தாள். நாலு பக்கமும் நாற்று. என் மனைவி, தான் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், கைப் பழக்கத்தில் அவளை அடைத்துவிட்டிருந்தாள். அந்தப் பக்கத்துக்காரியும் மேஸ்திரியே செய்கிறாளே என்று அதையே செய்திருந்தாள்.

அன்றைக்கு யாரும் குலவை போடவில்லை. தூளியில் குழந்தை வீறிட்டது. இவள் ரவிக்கை பாலில் நனைந்து போயிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டு, ஒரு தடத்தைக்கூடத் திரும்ப நடாமல் கரையேறிப் போய்க் குழந்தையை எடுத்தாள். என் மனைவி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“குடை புடிச்ச ஆளு நின்னப்பகூட, புள்ள அழுதா போன்னு கையைக் காட்டுவாருக்கா. நீங்க குனிஞ்ச தலைய நிமிரவே இல்ல.”

மரத்தடியிலிருந்து தம்பி பெண்சாதி இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனாலும் வயல் முழுக்கக் கேட்டது. பாதிப் பெண்கள் கையிலிருந்த முடியைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். அன்றைக்கு நட்டது பேருக்குத்தான். காரியக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றிருந்தார். வரப்புக்குத்தான் வரக் கூடாது, ரோடு பொதுதானே. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இப்படியே போனால் லாரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து நகக்கண்ணில் இருந்த சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தவளிடம் நான் வாயைக் கொடுத்தேன். நாளைக்கு நீ நடாதே, என் குடையை எடுத்துக்கொண்டு வரப்பில் நின்று வேலை வாங்கு என்றேன். நல்ல யோசனை சொல்லிவிட்ட பெருமையில் பீடி வேறு பற்ற வைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பீடி தானாக அணைந்துவிட்டது.

“வரப்புல ஏறி நிக்கிறதுக்கா மாமா இவ்வளவு அடி வாங்கினோம்?” என்றாள்.

அவள் என் அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாமாதான். ஆனால் அந்த மாமாவில் அன்றைக்கு மரியாதை கம்மியாக இருந்தது. அவள் சிக்கல் எனக்கும் மெதுவாகப் புரிந்தது. குனிந்தால் யாரையும் பார்க்க முடியாது. வரப்பில் ஏறினால் பெண்கள் இவளையும் குடைக்காரர் என்பார்கள். குனியாமலும் ஏறாமலும் எங்கே போய் நிற்பது?

குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தாள். பக்கத்து வீடுதான் தம்பி வீடு. நானும் பின்னாலேயே போனேன், சண்டை வந்தால் விலக்கலாமே என்று. தம்பி பெண்சாதி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவி சமாதானம் பேசவும் இல்லை, நியாயம் பேசவும் இல்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி ஒரு கேள்வி கேட்டாள். “நாளைக்கு எந்த இடத்துல நின்னா உனக்கு முடியும்?”

எங்கள் ஊரில் ஒரு நடவுக்காரியிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அடுப்பு ஊதுகிற சத்தம் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, மரத்துப் பக்கமாக, கரையோரம் என்றாள் தம்பி பெண்சாதி. பிள்ளை அழுதால் ஒரு எட்டில் ஏறிவிடலாமாம். போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கரையோரம் வேகக்காரியின் இடம். அங்கே ஒரு பால்கொடுக்கிறவளை நிறுத்தினால் வரிசை எப்படி நகரும்? சரி, அங்கேயே நில்லு என்று என் மனைவி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் வரப்பில் ஏறவில்லை. குனிந்து நடவும் இல்லை. வரிசைக்குப் பின்னால், நடாத சேற்றில், முழங்கால் புதைய நிமிர்ந்து நின்றாள். பெண்கள் பின்னால் நகர நகர இவளும் நகர்ந்தாள். ஒவ்வொரு மெதுக்காரிக்குப் பக்கத்திலும் ஒரு வேகக்காரியை நிறுத்தினாள். பக்கத்துக்காரி பின்தங்கினால் அவளைத் தாண்டிப் போகக் கூடாது, அவள் நடவேண்டிய அகலத்தில் இரண்டு மூன்று குத்து நாற்றைத் தானும் சேர்த்து நட்டுக்கொள்ள வேண்டும். இது ஒன்றுதான் அவள் போட்ட சட்டம். காலங்காலமாக அடைக்கப் பழகிய கைகள் அவை, ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இரண்டு பாத்தி தாண்டியதும் முணுமுணுப்பு நின்று பேச்சு வந்தது. பேச்சு போய்ப் பாட்டு வந்தது. பாட்டு வந்துவிட்டால் நடவு தானாக ஓடும்.

குழந்தை அழுதால் தாய் நிமிர்வதற்கு முன்னாலேயே இவள் குரல் கொடுத்தாள். தாய் கரையேறிய இடத்தைப் பக்கத்துக்காரி இழுத்து நட்டாள். யாருக்கு எங்கே முடி தீரப்போகிறது என்று பார்த்துப் பார்த்து வீசினாள். என்னை விட்டாளா? அதுவும் இல்லை. இத்தனை பேர் நடுவில், வேரில் சேற்றை அலசாமல் கட்டின முடி யாருடையது என்று கேட்டாள். என்னுடையதுதான். பறி ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலசினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பெண்ணையா நான் குடையோடு வரப்பில் ஏற்றப் பார்த்தேன்!

ஆனால் அந்தக் கை பட்ட பாட்டை நான் மட்டும் பார்த்தேன். வலது கை விரல்கள் சும்மா இருக்க மாட்டாமல் காற்றிலேயே நட்டுக்கொண்டிருந்தன. பிறகு அந்தக் கையை இடுப்புச் செருகலுக்குள் விட்டுக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசி நாள் மத்தியானம் மிராசுதாரே வந்தார். கார் ரோட்டில் நிற்க, வரப்பு வரைக்கும் இறங்கி வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். மேஸ்திரி எங்கே என்று கேட்டார். வரப்பில் ஆள் இல்லாதது அவருக்குப் புரியவில்லை. காரியக்காரர் ரோட்டிலிருந்தே சேற்றைக் கைகாட்டினார். முன்பெல்லாம் அவர் வந்தால் வேலையை விட்டுக் கரையேறி ஒதுங்கி நிற்பது வழக்கம். என் மனைவி ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே வணக்கம் சொல்லிவிட்டு, சாயங்காலம் முடிந்துவிடும் ஐயா என்றாள். அவர் வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. அன்று மாலையோடு முறை மாறுகிறது.

மிச்சம் கிடந்த இடத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. பெண்கள் இடுப்பு ஒடிந்து போயிருந்தார்கள். இவள் ஒருத்தி இறங்கி நட்டால் இரண்டு பேர் வேலை ஓடும். குனி புள்ள, கையை வை, இப்பவாவது வை என்று நான் கத்தினேன். அவள் காதில் வாங்காதது போல எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். திடீரென்று திரும்பினாள்.

“மாமா, கீழ் வரப்புல தண்ணி ஓடுது. நண்டு வளை உடைஞ்சிருக்கு. ஓடுங்க!”

பார்த்தேன். கீழ்ப்பக்கத்தில், இனிமேல்தான் நடவேண்டிய இடத்தில், தண்ணீர் பளபளப்பு போய்ச் சேறு தெரிந்தது. தண்ணீர் வடிந்து சேறு இறுகினால் விரல் இறங்காது. வாய்க்காலில் திரும்ப வைக்கத் தண்ணீரும் இல்லை. குனிந்திருந்த அத்தனை பேரில் ஒருத்திக்கும் அது தெரிந்திருக்காது, அவளே குனிந்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது. மண்வெட்டியோடு ஓடினேன். வரப்பில் நண்டு குடைந்த ஓட்டை பெரிதாகித் தண்ணீர் பக்கத்து வயலுக்குக் குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. களிமண்ணை வெட்டி வைத்தால் அதையும் அடித்துக்கொண்டு போயிற்று. வேறு வழியில்லாமல் தோளில் கிடந்த துண்டை உருட்டி உள்ளே திணித்து, அதன் மேல் மண்ணைப் போட்டு மிதித்தேன். கட்சிக் கரை போட்ட புதுத் துண்டு. மிராசுதார் முன்னால் இறக்க மாட்டேன் என்று சபதம் போட்டு வைத்திருந்தது, கடைசியில் நண்டு வளைக்குள் போயிற்று. தண்ணீர் நின்றது.

அதற்கப்புறம் நான் அவளைக் குனியச் சொல்லவில்லை.

கீழ் வரப்போரத்தை நட்டு முடித்துக் கடைசி மூலைக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. என் மனைவி கீழ் வரப்பைப் பார்த்து நின்றபடி, நான் ஒழுங்காக மிதித்தேனா இல்லையா என்று அங்கிருந்தே அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நடப்பது எனக்குத் தெரிந்தது. சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. கரையோரத்திலிருந்து என் தம்பி பெண்சாதி சத்தமில்லாமல் வளைந்து வந்துகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தி வந்தாள். பாட்டு மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சந்தித்தார்கள். பாட்டு நின்றது.

என் மனைவி திரும்பினாள். நாலு பக்கமும் நாற்று.

குலவை கிளம்பியது பாருங்கள், ரோட்டில் போன பஸ்ஸை நிறுத்திப் பார்த்தார்கள். அடிப்பாவிகளா என்று சொல்லப் பார்த்தாள், சிரிப்பில் பாதிதான் வந்தது. அவ்வளவு பெரிய வயலில் நாற்றுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் நின்றிருந்தாள். தம்பி பெண்சாதி மிச்சமிருந்த ஒரே ஒரு முடியை எடுத்து அவளைப் பார்த்து வீசினாள்.

“தடத்துல நட்டுக்கிட்டே வாங்கக்கா.”

இடுப்பில் செருகியிருந்த கையை அவள் வெளியே எடுத்தாள். குனிந்தாள். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து, எடுத்த தடத்தில் நட்டாள். அடுத்த காலை எடுத்து வைத்து, அதில் நட்டாள். அந்தப் பழைய வேகம் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு நாற்றாக வைத்துக்கொண்டு வந்தாள். முகம் தெரியவில்லை, அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அழுதேன். கரைக்கு வந்ததும் தம்பி பெண்சாதி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையை நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள்.

ரோட்டில் காரியக்காரரின் சைக்கிள் இல்லை. அந்த வயலில் அதற்குப் பிறகு லாரி ஆள் இறங்கவில்லை. ஊரில் எல்லோரும் அதை என் பெண்சாதி நட்ட வயல் என்றுதான் சொல்வார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை. நிமிர்ந்து நின்ற பிறகு அவள் அந்த வயலில் நட்டது தன் கால்தடத்தை மட்டும்தான்.